டப்பா தயங்கிய மூலை

குத்தாலம் வாத்தியாரின் மகள் நான் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் இதை மூன்று முறை சொல்லிவிட்டேன். அவர் விடுவதாக இல்லை.

"மூக்கே காட்டிக்குடுக்குதேம்மா. அப்பா நல்லாருக்காரா? ரிட்டயர் ஆயிட்டாருல்ல? அண்ணன் இன்னும் துபாய்லதானே?"

எனக்கு அண்ணனே கிடையாது. அப்பா கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். "நான் கோயம்புத்தூருங்க" என்றேன்.

"ஓ, அங்க கட்டிக்குடுத்துட்டாங்களா!"

அவர் கையில் இருந்தது ஒரு மூக்கு. அதை வைத்து எனக்கு ஒரு அப்பா, ஒரு அண்ணன், ஒரு கல்யாணம் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார். எரிச்சல் வந்திருக்க வேண்டும். எனக்கோ அவரை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் எங்கள் அலுவலகத்தில் உட்கார வைக்கலாமா என்று இருந்தது. பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் சம்பளம் வாங்குவதே இந்த வித்தையை ஒரு கணினிச் சில்லுக்குக் கற்றுக்கொடுக்கத்தான்.

சாதாரணக் கணினியின் நினைவு கதவு எண் போட்ட வீடுகள் மாதிரி. எண் தெரிந்தால்தான் உள்ளே இருப்பது கிடைக்கும். மூளைக்குக் கதவு எண் கிடையாது. ஈரச் சுண்ணாம்பு வாசனை பட்டால் ஒன்றாம் வகுப்பு முழுக்கத் திறந்துகொள்ளும். டீச்சரின் வளையல் சத்தம் உட்பட. ஒரு துண்டைக் கொடுத்தால் முழுசைத் தருவது. தொடர்பு நினைவு என்கிறோம். அதை மூளையின் நரம்புகளைப் பார்த்துக் காப்பியடித்து, கொஞ்சம் மின்சாரத்தில் ஓடுகிற சில்லாகச் செய்கிறோம். என் சில்லு அப்போது என் மடியில், ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள், நான்கு ரப்பர் பேண்டு போட்டு உட்கார்ந்திருந்தது.

"திருவாரூர் எப்பங்க வரும்?" என்று அவரைக் கேட்டேன்.

"இந்த பஸ்ஸா? இது திருவிடைமருதூர்ல திரும்பிடுமேம்மா."

கும்பகோணத்தில் ஏறும்போது பலகையில் 'திரு' வரைக்கும்தான் தெரிந்தது. மீதியை முன் கண்ணாடி மாலை மறைத்திருந்தது. திருவாரூர் என்று நானே நிரப்பிக்கொண்டேன். இந்த ஊர்ப் பக்கத்தில் 'திரு' என்பது துப்பே இல்லை. நாலு மைலுக்கு ஒரு திரு இருக்கிறது. ஒரே மாதிரித் தொடங்கும் நினைவுகளை நெருக்கி அடுக்கினால் ஒன்று இன்னொன்றுக்குள் வழுக்கி விழும். எங்கள் துறையின் பழைய தலைவலி அது. அதற்குப் பேருந்துக் கட்டணமும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திருவிடைமருதூரில் இறங்கியதும் கைபேசி அடித்தது. நான் பார்க்கப் போய்க்கொண்டிருந்த செல்வராணி அக்கா. "எங்கம்மா இருக்க?"

"திருவிடைமருதூர்ங்க்கா."

"அங்க எதுக்குப் போன?"

"சாமி கும்பிட்டுட்டு வரலாம்னுங்க."

"சரி சரி, எனக்கும் சேத்து வேண்டிக்க" என்றார். ஆகவே கோயிலுக்குள் போய் அவருக்காக வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு ஒரு கடையில் பொங்கலும் கத்தரிக்காய் கொத்சும். பொங்கலுக்கு நடுவில் குழி வெட்டி கொத்சை ஊற்றியதில் கரை உடைந்து இலை முழுக்க ஓடியது. எங்கள் பக்கத்தில் சோறு ஒரு பதார்த்தம். இங்கே அதுதான் நிலப்பரப்பு.

அடுத்த பேருந்தில் இருப்புக் கொள்ளவில்லை. முன்னால் ஒரு அறுவடை இயந்திரம் சாலையின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஹாரனை விட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். ஒரு பயணி எட்டிப் பார்த்து, "அவன் வயல்ல எறங்குற வரைக்கும் நாம ஊர்கோலந்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மணி பார்த்தேன். மூன்று நாள்தான் விடுப்பு.

செல்வராணி அக்கா என் பக்கத்து மேசைக்காரன் பிரபுவின் அக்கா. நாற்பதை எட்டாதவர். அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் மற்றவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அக்கா தாவர இயல் படித்தார். இப்போது நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்து விதை நெல் வளர்க்கிறார். மற்றவர்கள் சாப்பிட நெல் வளர்க்கிறார்கள்; இவர் அவர்கள் விதைக்க வளர்க்கிறார். பேருந்து நிறுத்தத்தில் மொபெட்டோடு நின்றிருந்தார். பின்னால் உட்காருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நாளன்னிக்குக் காலையில விதைச் சான்று ஆபீசர் வயலைப் பாக்க வர்றாரு. போன வருஷம் கலவன் ஜாஸ்தின்னு தள்ளிட்டாங்க. இந்த வருஷமும் தள்ளினா விதை போடுறவங்க பட்டியல்லேருந்து என் பேரை எடுத்துடுவாங்க. விதை போடலைன்னா குத்தகையும் நிக்காது. ஒன் டப்பா என்ன செய்யும்னு பிரபு ஒரு மணி நேரம் போன்ல பேசினான். எனக்கு ஒண்ணும் புரியல. கலவனைக் காட்டுமா, காட்டாதா?"

"காட்டுமுங்க்கா" என்றேன். என் குரலில் ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

கலவன் என்றால் விதை வயலுக்குள் கலந்து நிற்கும் வேற்று ரகம். இவர் வயல் முழுக்கப் பொன்னி. அதற்குள் வேறொன்று நின்றால் அதன் நெல்லும் விதையோடு மூட்டைக்குள் போகும். வாங்குகிறவன் வயலில் அடுத்த வருஷம் அது பெருகும். ஆகவே அறுவடைக்கு முன் பெண்கள் வரிசையாக வயலுக்குள் நடந்து கலவன் எடுப்பார்கள். நிற்காமல் நடந்துகொண்டே, பார்த்த மாத்திரத்தில், குத்தோடு, அதாவது ஓரிடத்தில் நட்ட நாற்று அத்தனையோடும், பிடுங்கி எறிவார்கள். ஒருத்தி இலையைப் பார்க்கிறாள், ஒருத்தி கதிர் வளைவதைப் பார்க்கிறாள். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல தொடர்பு நினைவு கிடையாது. அந்த வேலையைத்தான் என் டப்பாவுக்குக் கொடுத்திருந்தேன்.

மார்கழி முடிகிற வெயில். வரப்பில் பத்துப் பெண்கள் கைலியும் முழுக்கைச் சட்டையுமாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்கை, அதாவது வரிசையை நடத்துகிறவர், கலா அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். வாயில் எப்போதும் ஒரு நெல். எனக்கும் ஒரு கை சோறு வந்தது, தேங்காய்த் துவையலோடு.

"இதுதான் அந்த டப்பாவா?" என்றார். "தயிர்சாதம் எங்க?"

டப்பாவின் மூடியில் ஒரு கேமரா, ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. முன்கூட்டியே ஐந்து ரகங்களின் படங்களைக் கொடுத்து அதற்குள் பதியவைத்திருந்தேன். பார்ப்பது பொன்னி என்றால் பச்சை. வேறென்றால் சிவப்பு. ஒரு குச்சியில் கட்டி வயலுக்குள் இறங்கினேன். சேறு கணுக்கால் வரை வந்தது. எங்கள் ஊர் மண் காலை உதறினால் உதிரும். இது காலைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

பச்சை. பச்சை. பச்சை. இருநூறு குத்து தாண்டியும் பச்சைதான். செல்வராணி அக்கா முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது. "சுத்தமா இருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார்.

கலா அக்கா வந்து, வரப்பு ஓரத்துப் புல்லை ஒன்று பிடுங்கி டப்பாவுக்கு முன் காட்டினார். பச்சை. தன் கைலி முனையைக் காட்டினார். கொஞ்சம் யோசித்துப் பச்சை. உள்ளங்கையைக் காட்டினார்.

"ஏ, வாங்கடி! என் கையும் பொன்னியாம்! அறுத்துடுங்க, நல்ல வெளைச்சல்!"

வரப்பு முழுக்கச் சிரிப்பு. "ஏனுங்க, என் மாமியாரைக் காட்டினா என்னங்க சொல்லும்?" என்று ஒருத்தி என் ஊர்ப் பேச்சை அவிழ்த்துவிட்டாள். நானும் சிரித்தேன். டப்பாவைக் குச்சியிலிருந்து அவிழ்த்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் கெளுத்திக் குழம்பு. இரண்டு தடவை சோறு போட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இரண்டாம் நாள் விடிந்தபோது பனி, பக்கத்து வயலை மறைத்துக்கொண்டு நின்றது. ஒலிபெருக்கியில் திருப்பள்ளியெழுச்சி. டப்பாவைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். என் பின்னாலேயே வந்த கலா அக்கா, டப்பா பச்சை காட்டி நான் தாண்டிவந்த ஒரு குத்துக்கு முன் நின்றுவிட்டார். பிடுங்கவில்லை. ஒரே ஒரு நெல்லை உருவி, நகத்தால் உமியைக் கிழித்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

அரிசி சிவப்பாக இருந்தது. பொன்னி உள்ளே வெள்ளை.

"வெளிய ஒரே அச்சு. ஒசரம் ஒண்ணு, கதிரு ஒண்ணு, வெளையற நாளும் ஒண்ணு. எனக்கே இலையோட நெறம் ஒரு பொட்டு மாறித் தெரிஞ்சுது, அதான் நின்னேன்" என்றார். முந்தின நாள் கேலி குரலில் இல்லை. "ராணி, இது கெட்ட கலவன். நாங்க பத்துப் பேரும் ரெண்டு தடவை நடந்துட்டோம், கண்ணுல படல. ஒவ்வொரு குத்தா உரிச்சா பாக்க முடியும்?"

செல்வராணி அக்கா அந்த அரிசியை வாங்கிப் பார்த்தார். "இந்தப் பக்கம் சிவப்பு போட்டிருக்கறது மதியண்ணன் மட்டும்தான்." மதியழகன் அடுத்த வயல்காரர். அந்த வருஷம்தான் முதல்முறையாகச் சிவப்பரிசி ரகத்துக்கு மாறியிருந்தார். "அவரு வயலு வரப்புக்கு அந்தாண்ட. நடந்தா வந்துச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. இரண்டு ஏக்கரில் அது எங்கெல்லாம் நிற்கிறது என்றும் தெரியவில்லை. அக்கா வரப்பில் உட்கார்ந்து காலில் இருந்த சேற்றைக் குச்சியால் சுரண்ட ஆரம்பித்தார். சேறெல்லாம் போன பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து டப்பாவின் பேட்டரிக் கம்பி அறுந்தது. எனக்கு அது ஒரு சாக்கு. அங்கே நிற்க முடியவில்லை. நன்னிலத்துக்குப் பேருந்து பிடித்து, கைபேசி பழுதுபார்க்கும் கடையில் கம்பியைப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

தவறு சில்லில் இல்லை. அது தன் வேலையைத்தான் செய்தது. உள்ளே நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கணுக்கள். ஒவ்வொன்றும் மற்றவை என்ன சொல்கின்றன என்று பார்த்துத் தன் பேச்சை மாற்றிக்கொள்ளும். மறுபடி எல்லாம் ஒருமுறை பார்க்கும். எல்லாம் ஒரே பேச்சில் வந்து அடங்கும் வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். பஞ்சாயத்து மாதிரி. பாதி அழிந்த படத்தைக் கொடுத்தாலும் பக்கத்தில் இருக்கிற நினைவுக்குள் போய் அடங்கி முழுப் படத்தைத் தந்துவிடும். குறையைச் சரிசெய்வதுதான் அதன் குணம். கலவனைக் காட்டினால் அதையும் ஒரு குறையுள்ள பொன்னி என்று எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையாகச் சரிசெய்து, பச்சை விளக்கைப் போட்டுவிட்டது. வித்தியாசத்தை மன்னிக்கிற ஒன்றை வித்தியாசம் கண்டுபிடிக்கக் கூட்டி வந்திருக்கிறேன்! பேருந்தில் வந்த அந்தக் குத்தாலம் வாத்தியாரின் நண்பரைக் கூட்டி வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

டீக்கடைக்காரருக்கு வாடிக்கையாளர்கள் வாய் திறக்க வேண்டியதில்லை. சைக்கிளில் ஒருவர் வந்து காலை ஊன்றுவதற்குள் சர்க்கரை இல்லாத டீ மேடையில் இருந்தது. அடுத்த இருவருக்கு ஒன்றரைக் கரண்டி. கை நிற்கவேயில்லை. என் தம்ளர் வந்தது. சர்க்கரைக் கரண்டி அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், என் சேற்றுக் காலைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். பிறகு அவர்களுக்குப் போட்ட மாதிரியே ஒன்றரைக் கரண்டி போட்டுக் கொடுத்தார்.

டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினேன்.

முடிவு அவர்களுக்கும் எனக்கும் அதே ஒன்றரைக் கரண்டிதான். டீயைப் பார்த்தால் நான் வெளியூர்க்காரி என்று யாருக்கும் தெரியாது. கரண்டியைப் பார்த்தால் தெரியும்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் தயங்கினாரே! என் மூக்கைப் பார்த்து, கண்ணாடியைப் பார்த்து, பையைப் பார்த்து, ஒரு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் "குத்தாலம் வாத்தியார் மகளா" என்றார். அப்புறம் வந்த பேச்சில் சந்தேகமே இல்லை. சந்தேகம் முழுக்க அந்த ஒரு நிறுத்தத்தில் இருந்தது. கலா அக்கா கைலியைக் காட்டியபோது டப்பாவும் யோசித்துத்தானே பச்சை காட்டியது? நான் விளக்கைப் பார்த்தேன். நேரத்தைப் பார்க்கவில்லை.

"டீ ஆறுதும்மா" என்றார் கடைக்காரர்.

"ரொம்ப நன்றிங்க!" என்றேன். அவர் தன் டீயைத்தான் பாராட்டுகிறேன் என்று நினைத்து, அப்படியொன்றுமில்லை என்கிற மாதிரித் தோளைக் குலுக்கினார்.

கடை பெஞ்சிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். மாற்ற வேண்டியிருந்தது கொஞ்சம்தான். எந்த ரகம் என்ற விடையைத் தூக்கிப் போட்டேன். பஞ்சாயத்து எத்தனை சுற்றில் அடங்கியது என்பதை மட்டும் எண்ணச் சொன்னேன். வழக்கத்தைவிட அதிகச் சுற்று போனால் சிவப்பு. கூடவே அது வயலில் எந்த இடம் என்று கைபேசியில் ஒரு புள்ளி. திரும்பும் பேருந்தில் உட்காரவில்லை. இடம் இருந்தும் படியில் நின்றே வந்தேன். நடத்துநர், "இப்படியே குதிச்சுகிட்டே வந்தா வண்டி முன்னாடிப் போயிடாதும்மா" என்றார்.

முதலில் காலையில் பிடிபட்ட சிவப்பரிசிக் குத்துக்குப் போனேன். கலா அக்கா அதைப் பிடுங்காமல் ஒரு குச்சி நட்டு வைத்திருந்தார். பக்கத்துப் பொன்னிகள் நாலைந்து சுற்றில் அடங்கின. இது பதின்மூன்று சுற்று இழுத்துப் பிறகு அடங்கியது. சிவப்பு விளக்கு.

"இப்பக் கண்ணு தொறந்துடுச்சா?" என்றார் கலா அக்கா.

"இல்லீங்க்கா. இப்பவும் அதைப் பொன்னின்னுதான் சொல்லுது. ஆனா சொல்றதுக்கு முன்னாடி முழிக்குது. அதைப் புடிச்சுட்டோம்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றார். அதன்பிறகு டப்பாவைப் பற்றி ஒரு கேலியும் வரவில்லை. பத்துப் பேரும் வரிசை பிரித்து என்னை நடுவில் விட்டு நடந்தார்கள். விளக்கு சிவந்த இடத்தில் ஒருத்தி நெல் உரிப்பாள். ஓர் இடத்தில் டப்பா பயங்கரமாக முழித்தது, உரித்தால் வெள்ளை. இலையில் நோய்க்கறை, அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் டப்பா பேசாமல் போக, ஒருத்தியின் கை தானாக நின்றது, உரித்தால் சிவப்பு. டப்பா மட்டும் போயிருந்தால் போதாது. அவர்கள் மட்டும் போயிருந்தாலும் போதவில்லை என்று முன்பே தெரிந்துவிட்டது.

வெயில் சாயும்போது கைபேசியை செல்வராணி அக்காவிடம் கொடுத்தேன். வயலின் வரைபடம், மேலே சிவப்புப் புள்ளிகள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சம். வடகிழக்கு மூலையில் மட்டும் அம்மை போட்ட மாதிரி அப்பிக் கிடந்தது. மதியழகன் வயலை ஒட்டின மூலை.

அக்கா அந்த மூலையை விரலால் தொட்டார். கண் கைபேசியில் இருந்தது. ஆள் அங்கே இல்லை.

"இங்கதான் தண்ணி நின்னுச்சு" என்றார். "ஐப்பசி மழையில. நட்டு எட்டு நாளுதான். நாத்துல பாதிக்கு மேல அழுகிடுச்சு." நிறுத்தினார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. "அன்னிக்குப் பாப்பாவுக்கு ஜுரம். யாரையும் கூப்பிடல, நான் மட்டும் வந்தேன். மறுபடி நட எங்கிட்ட நாத்து இல்ல. மதியண்ணன் தலையில சாக்கைப் போட்டுகிட்டு நின்னாரு. அவரு நட்டு மிஞ்சின முடிச்சு இந்த வரப்புலதான் கெடந்துச்சு. 'வீணாப் போறதுக்கு ஒன் மூலைக்கு ஆகட்டும் ராணி'ன்னாரு."

மிஞ்சின நாற்று முடிச்சை வரப்பில் போட்டுவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். யாருக்கு மூலை காலியோ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கேட்கக்கூட வேண்டாம்.

"அவரு வருஷா வருஷம் பொன்னிதானே போடுவாரு. அந்த நெனப்புலயே எடுத்து நட்டுட்டேன். மூலை போக மிஞ்சினதை அங்கங்க விட்டுப்போன எடத்துலயும் வச்சேன். மாத்திட்டாருன்னு பின்னாடிதான் தெரியும். தெரிஞ்சப்பவும் இந்த முடிச்சு ஞாபகம் வரல." அக்கா கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "போன வருஷத்துக்கு அறுப்பு மெஷின்காரனைத் திட்டினேன், விதை குடுத்தவங்களைத் திட்டினேன். இந்த வருஷம் நானேதான். என் கையாலதான்."

கலா அக்கா மட்டும், "ஜுரத்தோட புள்ளையை விட்டுட்டு வந்தவளுக்கு ரகம் வேறயா பாக்கத் தோணும்?" என்று சொல்லிவிட்டு, "மூலையில பொன்னியும் கலந்துதானே நிக்குது. பொறுக்கிப் புடுங்கவா, மொத்தமாவா?" என்றார்.

செல்வராணி அக்கா மூலையைப் பார்த்தார். பால் முற்றிக் கதிர் தலை தொங்கி, இன்னும் கொஞ்ச நாளில் அறுக்கிற பயிர். "மொத்தமா" என்றார். "காலையில."

மூன்றாம் நாள் பனி விலகுவதற்குள் பத்துப் பேரும் இறங்கிவிட்டார்கள். நானும் பிடுங்கினேன்; கை கிழிந்தது. மூலையை மொத்தமாகவும், மற்ற இடங்களில் சிவப்பென்று தெரிந்த குத்துகளையும் பிடுங்கி வரப்பில் குவித்தோம். வேலை முடிந்தபோது பழுக்க ஆரம்பித்த வயலில் அந்த மூலை மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி சேறு காட்டிக்கொண்டு இருந்தது. கால் கழுவக்கூட நேரமில்லை. அலுவலர் வந்துவிட்டார்.

ஒல்லியான மனிதர். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். யாரையும் கூட வர வேண்டாம் என்றார். அவராகவே ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து எண்ணுவார். பிறகு வேறு பக்கம் போவார். செல்வராணி அக்கா இரண்டு கையாலும் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் நடையை எண்ணினேன். நடக்கிறார், நடக்கிறார், நடக்கிறார்.

நின்றார்.

குனிந்தார். இலையைத் திருப்பினார். கதிரைத் தூக்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. என் டப்பாவின் சுற்றுகள் எல்லாம் என் நெஞ்சுக்குள் ஓடின. ஒரு நெல்லை உருவி, நகத்தால் கீறி, வெளிச்சத்தில் பிடித்தார். அங்கிருந்து எனக்கு நிறம் தெரியவில்லை. பக்கத்தில் கலா அக்கா வாயில் இருந்த நெல்லைக் கடிப்பதை நிறுத்தியிருந்தார்.

அவர் அரிசியை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தார்.

கரையேறியதும், "அந்த மூலை என்னாச்சு?" என்றார்.

"கலவன் சார். மொத்தமா எடுத்துட்டோம்" என்றார் அக்கா.

அவர் வெறும் சேற்றையும் வரப்பில் கிடந்த குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். "மனசு வந்துச்சே" என்றார். பிறகு தாளை மொபெட் சீட்டில் வைத்து, வயல் தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் வண்டி கண்ணுக்கு மறைகிற வரை அக்கா அசையவில்லை. மறைந்ததும் வாய்க்காலுக்குப் போய் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

நான் டப்பாவுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தபோது வரப்பு வழியாக ஒருவர் வந்தார். துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார். "என்ன ராணி, ஆபீசர் என்ன சொன்னாரு?"

"தேறிடுச்சு மதியண்ணே."

"அப்பாடா" என்று உண்மையாகவே பெருமூச்சு விட்டார். அப்புறம்தான் மூலையைப் பார்த்தார். "இது என்ன, மொட்டை அடிச்சிருக்க?"

"எலிண்ணே. நேத்து முழுக்க வெட்டிப் போட்டுடுச்சு" என்றார் அக்கா. கை நிற்காத டீக்கடைக்காரர் மாதிரி, ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் புரிந்தது. சொன்னால் அடுத்த வருஷம் இவர் வரப்பில் முடிச்சு போடமாட்டார். அதைக் கேட்டு இன்னொருவரும் போடமாட்டார்.

மதியழகன் என் பக்கம் திரும்பினார். "நீங்க பிரபு ஆபீஸாம்மா? எலிதானா?"

சுலபமான கேள்வி. ஆமாங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நான் மூலையைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன், டப்பாவைப் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் எடுத்துக்கொண்ட அதே அளவு நேரம். பிறகு வரப்பில் குந்தி, பிடுங்கிப் போட்ட குவியலில் இருந்து ஒரு கதிரை எடுத்து, ஒரு நெல்லை உரித்தார். இன்னொன்றை உரித்தார். உள்ளங்கையில் இரண்டு சிவப்பு அரிசி.

அக்கா எதிர்ப்பக்கம், வாய்க்காலைப் பார்த்து நின்றார்.

"நல்ல எலிதான்" என்றார் மதியழகன். அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே எழுந்தார். "அடுத்த நடவுலேருந்து நம்ம முடிச்சுக்கு ஒரு சிவப்புத் துணி கட்டிப் போடுறேன், ராணி. எலிக்கு அடையாளம் தெரியணும்ல."